குற்றம் உறுதியான பிறகு: தண்டனையின் அளவை எதைக்கொண்டு முடிவு செய்வது?

விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர். மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் நடக்கும் கொலை, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் போன்ற கடுங்குற்ற வழக்குகள் பெரும்பாலும் வந்து சேர்வது அந்த ஊரின் நீதிமன்ற வளாகத்துக்குத்தான். சாட்சி விசாரணை மாதக்கணக்கில், சில வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நீதிபதி அறிவித்த பிறகு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும்: தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? வயதான தாய் இருக்கிறார், பிள்ளைகள் சிறியவர்கள், குறைந்த தண்டனை கொடுங்கள் என்பார் கூண்டில் நிற்பவர். சிலர் ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள். இந்தியாவின் எந்த விசாரணை நீதிமன்றத்துக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய இதுதான். குற்றம் செய்தாரா என்பதை ஆராயத் தீர்ப்பில் பல பக்கங்கள் ஒதுக்கப்படும். எத்தனை ஆண்டு என்பதற்கு ஒரு பத்தி போதும் என்றாகிவிடும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஏழு ஆண்டு என்பது ஏன் ஐந்தாக இல்லை, ஏன் பத்தாக இல்லை? இதற்கு நெடுங்காலமாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. நீதிபதியின் மனச்சாட்சியிடம் விட்டுவிடலாம் என்பது ஒரு விடை. குற்றவாளியின் வாழ்க்கையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பது இன்னொன்று. வழிகாட்டு விதிகளை எழுதி வைக்கலாம் என்போரும், சட்டமன்றமே குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கட்டும் என்போரும் உண்டு. இவை எவ்வாறு பிறந்தன, எங்கே தடுமாறின என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. தண்டனைச் சீர்திருத்தத்தைத் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டிருந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயருக்கு இதில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. அவரது பணியின் ஆற்றலையும் குறையையும் ஒருசேரப் பார்க்காமல் இந்தக் கேள்வியில் ஓர் அடிகூட நகர முடியாது.

பழைய அளவுகோல்கள்

தண்டனைக்கு அளவு வேண்டும் என்பது தமிழில் புதிய சிந்தனை அன்று. குற்றத்தை நடுநிலையோடு ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாதபடி, செய்த தவறுக்கு ஒத்த அளவில் ஒறுப்பதே அரசனின் வேலை என்கிறது திருக்குறளின் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரம். ஓங்குவது கடுமையாக இருக்கலாம், விழும் அடி மென்மையாக இருக்கட்டும் என்றும் அதே அதிகாரம் அறிவுறுத்துகிறது. ஆனால் கொடியவரைக் கொல்வதைப் பயிருக்குக் களை எடுப்பதாகக் காண்பதும் அதே நூல்தான். அது ‘செங்கோன்மை’ அதிகாரத்தில் வருகிறது. குற்றத்துக்கு ஒத்த அளவு, மறுபடி நிகழாமல் தடுத்தல், கொடியவரை நீக்குதல் என, இன்றைய சட்ட நூல்கள் தனித்தனிக் கொள்கைகளாகப் பிரித்து வைத்திருக்கும் மூன்றும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. எதை எப்போது முன்னிறுத்துவது என்பதை வள்ளுவர் ஆள்பவனின் ஆராய்ச்சிக்கு விட்டுவிடுகிறார்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நடைமுறை சார்ந்த வேறொரு விடை கிடைக்கிறது. வேட்டையில் விலங்கை நோக்கி எய்த அம்பு மனிதர்மேல் பட்டு உயிர் போன நிகழ்வுகளில், கொன்றவரைக் கொல்லாமல், இறந்தவர் பெயரில் கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளைக் கொடுக்கும்படி ஊரார் கூடித் தீர்ப்புச் சொன்ன செய்திகள் உள்ளன. கெட்ட எண்ணம் இல்லாத கொலையை வேறாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது இதில் தெளிவு. இதை இன்றைய ஈடுசெய்யும் நீதிக்கு முன்னோடியாகச் சிலர் காட்டுவதுண்டு. அவ்வளவு தூரம் போவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கல்லில் ஏறியவை கோயிலுக்குக் கொடை சேர்ந்த வழக்குகள். மற்ற வழக்குகளில் என்ன நடந்தது என்பதைக் கல் சொல்வதில்லை. குற்றம் செய்தவரின் சாதியும் செல்வமும் தீர்ப்பை எவ்வளவு வளைத்தன என்பதையும் அதைக்கொண்டு அறிய இயலாது.

உச்சவரம்பு மட்டும் உள்ள சட்டம்

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்கு உச்சவரம்பை மட்டும் வைத்தது. ‘ஏழாண்டு வரை’, ‘பத்தாண்டு வரை’ என்று எழுதி, அதற்குக் கீழே உள்ள பரப்பு முழுவதையும் நீதிபதியிடம் ஒப்படைத்தது. கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள். 1898இன் நடைமுறைச் சட்டப்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் தூக்கு விதிக்காவிட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும்; தூக்கு என்பதே பொது விதியாக இருந்தது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்தது. 1973இன் புதிய நடைமுறைச் சட்டம் அதை நேர் தலைகீழாக்கியது: தூக்கு விதித்தால் அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது 354(3) பிரிவு. ஒரே குற்றம், ஒரே தண்டனை. விளக்கம் சொல்லும் பொறுப்பு மட்டும் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிவிட்டது.

சிறைக்கு வெளியே தண்டனையைத் தேடுவதில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1920இல் சிறார் சட்டம், 1920களின் நடுவில் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 1936இல் நன்னடத்தைச் சட்டம் ஆகியவை இங்கே வந்தன. நாடு முழுவதற்குமான நன்னடத்தைச் சட்டம் 1958இல்தான் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவரை, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறவேண்டும் என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. இந்த அறிக்கை என்ற ஏற்பாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல்கள் அனைத்தும் இதைச் சுற்றியே சுழல்கின்றன.

கிருஷ்ண ஐயர்: எதிரே நிற்கும் மனிதரைப் பார்

பாலக்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்து, 1938இல் தலச்சேரியில் வழக்கறிஞரானவர் கிருஷ்ண ஐயர். விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடியவர். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1948இல் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், உள்துறை ஆகியவற்றோடு சிறைத்துறையும் அவர் பொறுப்பில் வந்தது. கைதியாக உள்ளிருந்தும், அமைச்சராக மேலிருந்தும் சிறையைப் பார்த்துவிட்டு நீதிபதி இருக்கைக்கு வந்தவர்கள் அரிது.

1971 முதல் 1973 வரை அவர் சட்ட ஆணைய உறுப்பினர். அக்காலத்தில் வெளிவந்த ஆணையத்தின் 48ஆவது அறிக்கை, குற்றம் உறுதியான பிறகு தண்டனை குறித்துத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவே 1973 சட்டத்தின் 235(2) பிரிவானது; இன்று அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258ஆம் பிரிவில் தொடர்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கூண்டில் நிற்பவரிடம் கேட்கப்படும் அந்த ஒற்றைக் கேள்வியின் சட்டப் பிறப்பிடம் இது.

1973 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஐயர் 1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். ஏழு ஆண்டுகள்தான். 1974இல் எடிகா அன்னம்மா வழக்கில், கொலை செய்த இளம்பெண்ணின் வயது, குடும்பத்தில் பட்ட துயரம், தூக்கு நிழலில் கழித்த காலம் இவற்றை எடைபோட்டு மரண தண்டனையை ஆயுளாக்கினார். 1977இல் முகமது கியாசுதீன் வழக்கு வந்தது. வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறித்தவருக்குக் கீழ்நீதிமன்றம் கொடுத்த மூன்றாண்டை அவர் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். அதோடு நிறுத்தாமல், சிறையில் அந்த மனிதருக்கு எத்தகைய வேலை தரவேண்டும், கண்காணிப்போடு பரோல் எவ்வாறு அளிக்கவேண்டும் என்றும் எழுதினார். குற்றவாளி திருத்தப்பட வேண்டியவர், நீதிபதி அதற்கு மருத்துவரைப் போல உதவ வேண்டியவர் என்ற நம்பிக்கை அந்தத் தீர்ப்பு முழுவதும் ஓடுகிறது. சுனில் பத்ரா வழக்குகளில் அந்த அக்கறை சிறைச்சுவருக்குள் புகுந்தது. சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி ஒரு மரண தண்டனைக் கைதி எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது.

இந்தப் பார்வையைச் சக நீதிபதிகளும் வளர்த்தார்கள். 1976இல் சாந்தா சிங் வழக்கில் பகவதி, தண்டனை விசாரணை நடத்தாமல் விதித்த தூக்கு செல்லாது என்று திருப்பி அனுப்பினார். 1981இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற முனியப்பன் வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் இன்னும் ஒரு படி மேலே போனார். தண்டனை பற்றிக் கேட்டபோது குற்றவாளி ஒன்றும் சொல்லவில்லை என்று அமர்வு நீதிபதி எழுதியிருந்தார். சடங்குக்காக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கடமை தீர்ந்துவிடாது, தண்டனையைப் பாதிக்கும் செய்திகளை நீதிபதியே உண்மையான முயற்சியோடு வெளிக்கொணர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை.

அந்த வழியின் இடறல்கள்

மனிதரைப் பார்த்துத் தண்டனை என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது: பார்க்கிற கண் யாருடையது? 1979இன் பூல் சிங் வழக்கைக் கிருஷ்ண ஐயரைப் போற்றுவோர் அதிகம் பேசுவதில்லை. பட்டப்பகலில் பக்கத்து வீட்டில் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த இளைஞருக்கு விதித்த நான்கு ஆண்டுகளை, அவரது வயதையும் உணர்ச்சி வேகத்தையும் காரணமாக்கி இரண்டாகக் குறைத்தார். குற்றம் செய்தவரின் வாழ்வு விரிவாகத் தெரிந்தது. பாதிக்கப்பட்டவளின் வாழ்வு அந்த அளவுக்குத் தெரியவில்லை. இது ஒரு தீர்ப்பின் சறுக்கல் என்று கடந்துபோக முடியாது. குற்றவாளியை மையத்தில் வைக்கும் எந்த முறையிலும் இந்தச் சாய்வு வரக்கூடும்; அதைத் தடுக்கும் ஏற்பாடு அவரது சிந்தனையில் வலுவாக இல்லை.

அதே 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமூகத்தின் பாதுகாப்புக்கே ஆபத்தானவருக்கு மட்டும்தான் தூக்கு என்று பெரும்பான்மை சார்பில் எழுதினார். ஏ.பி.சென் மாறுபட்டார்: இது சட்டமன்றத்தின் வேலையை நீதிமன்றம் எடுத்துக்கொள்வது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் ஐவர் அமர்வு ராஜேந்திர பிரசாத்தை நிராகரித்து, ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டும் தூக்கு என்ற அளவுகோலைத் தந்தது. பகவதி ஒருவர் மட்டும் மறுத்தார். எந்த நீதிபதிகளிடம் வழக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே உயிர் நிலைக்கும் அல்லது போகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

அந்த எச்சரிக்கை பிழையில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1983 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் வைத்தீஸ்வரன் வழக்கில், இரண்டாண்டுக்கு மேல் தூக்கைத் தாமதப்படுத்தினால் அது ஆயுளாக வேண்டும் என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. அடுத்த மாதமே ஷேர் சிங் வழக்கில் வேறோர் அமர்வு அந்த இரண்டாண்டுக் கணக்கை ஏற்க மறுத்தது. 2000 பிப்ரவரியில் தருமபுரி அருகே மூன்று மாணவிகள் உயிரோடு எரிக்கப்பட்ட பேருந்து வழக்கை எடுத்துக்கொள்ளலாம். சேலம் நீதிமன்றம் 2007இல் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016இல் அதே உச்ச நீதிமன்றம் மறுசீராய்வில், கூட்ட வெறியில் முன்திட்டமின்றி நடந்தது என்று ஆயுளாகக் குறைத்தது. 2018இல் மூவரும் விடுதலையானார்கள். உண்மைகள் மாறவில்லை. அவற்றின் எடை மட்டும் மாறியது. அம்னஸ்டி இந்தியாவும் தமிழ்நாடு, புதுச்சேரி மக்கள் சிவில் உரிமைக் கழகமும் இணைந்து 1950 முதல் 2006 வரையான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கை, மரண தண்டனையைக் குலுக்கல் சீட்டு என்றே பெயரிட்டு அழைத்தது.

அட்டவணையும் வழிகாட்டு நெறியும்

கிருஷ்ண ஐயர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அதே 1973இல், நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிபதி மார்வின் ஃபிராங்கல் ஒரு சிறு நூல் எழுதினார். நீதிபதிகளுக்குக் கட்டற்ற அதிகாரம் இருப்பதே அநீதி, இதற்குச் சட்டம் என்ற பெயரே பொருந்தாது என்பது அவர் வாதம். இருவரும் ஒரே நோயைக் கண்டார்கள். ஒருவர் நீதிபதிக்குக் கூடுதல் தகவலும் கருணையும் வேண்டும் என்றார், மற்றவர் நீதிபதிக்குக் கடிவாளம் வேண்டும் என்றார். ஃபிராங்கலின் வழியே 1984இல் அமெரிக்கச் சட்டமாகி, 1987இல் வழிகாட்டு அட்டவணையாக வந்தது. ஒரு பக்கம் 43 குற்றப் படிகள், மறுபக்கம் முன்குற்ற வரலாற்றின் ஆறு பிரிவுகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக் கணக்கு இருக்கும். அநியாய வேறுபாடு ஒரு பக்கம் குறைந்தது. போதைப்பொருள் சட்டங்களின் கட்டாயத் தண்டனைகளோடு சேர்ந்து சிறைகள் நிரம்பின. 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அட்டவணையைக் கட்டாயம் என்ற நிலையிலிருந்து ஆலோசனை என்ற நிலைக்கு இறக்கியது. இங்கிலாந்து எண்களின் கட்டத்தைத் தவிர்த்து, குற்றத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி, அதிலிருந்து ஏறி இறங்க ஒரு வரம்பு, விலகினால் காரணம் என்ற முறையைத் தண்டனைக் கவுன்சில் மூலம் 2010 முதல் நடத்துகிறது.

இந்தியாவில் இதற்கான கோரிக்கை விட்டுவிட்டு எழுகிறது. 2003இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு, தண்டனை வழிகாட்டு நெறிகளை வகுக்கச் சட்டபூர்வக் குழு வேண்டும் என்றது. 2008இன் பிரேம் சாகர் வழக்கிலும் 2012இன் சோமன் வழக்கிலும் உச்ச நீதிமன்றமே இக்குறையைச் சுட்டியது. 2024 மே மாதம் சுனிதா தேவி வழக்கில், ஈரோட்டுக்காரரான நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ் இடம்பெற்ற அமர்வு, விரிவான தண்டனைக் கொள்கை குறித்துப் பரிசீலிக்குமாறு ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சிறு திருட்டு, குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை போன்ற ஆறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை என்பதைச் சட்டத்தின் வாசகம் தீர்த்துவைக்கவில்லை.

வழிகாட்டு நெறிக்கு எதிரான வலுவான வாதம், இந்தியா ஒரே அளவில் அடங்காத நாடு என்பது. அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. தொடக்கப் புள்ளியும் காரணமும் எழுதச் சொல்வதால் உள்ளூர் நிலைமையைப் பார்க்கும் உரிமை பறிபோகாது. ஆனால் அட்டவணை வந்தவுடன் சட்டமன்றம் அதன் எண்களை உயர்த்திக்கொண்டே போகும் என்ற அச்சத்துக்கு அமெரிக்க அனுபவம் சான்றாக நிற்கிறது. நம் நாட்டில் அதற்கான அறிகுறிகள் ஏற்கெனவே உண்டு.

சட்டமன்றம் எடுத்த குறுக்குவழி

நீதிபதிகளை நம்ப முடியாதபோது சட்டமன்றம் குறைந்தபட்சத் தண்டனையை நாடுகிறது. பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை விடுவித்த மதுரா வழக்குத் தீர்ப்பை எதிர்த்து எழுந்த போராட்டங்களின் பின்னணியில் 1983இல் பாலியல் வன்கொடுமைக்கு ஏழாண்டு குறைந்தபட்சம் வந்தது. சிறப்புக் காரணம் எழுதி அதற்கும் குறைக்கலாம் என்ற வாசலும் திறந்திருந்தது. 2013 திருத்தம் அந்த வாசலை மூடியது. பூல் சிங் போன்ற தீர்ப்புகளைப் படித்த எவருக்கும் இந்தக் கோபத்தின் நியாயம் புரியும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டத்தில் இந்த வழி மேலும் இறுகியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கடுமையான ஊடுருவல் தாக்குதலுக்குக் குறைந்தது இருபதாண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் போக்சோ நீதிமன்றம் உட்பட மாநிலத்தின் சிறப்பு நீதிமன்றங்களிலிருந்து இருபதாண்டு, ஆயுள் என்று தீர்ப்புச் செய்திகள் அடிக்கடி வருவதற்கு இதுவும் காரணம். குழந்தையைச் சிதைத்தவருக்கு அது மிகை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயது இளைஞனும் விரும்பி ஊரை விட்டுப் போய், பெற்றோர் புகாரின்பேரில் பிடிபடும் வழக்கும் அதே பிரிவுகளுக்குள்தான் வருகிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி.பார்த்திபன் வயது வரம்பை மறுபரிசீலனை செய்யலாம் என்றார். 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய உறவுகளைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் அல்ல என்று வழக்கையே ரத்து செய்தார். சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், பதினாறு முதல் பதினெட்டு வரையிலான வழக்குகளில் நீதிபதிக்கு நெறிப்படுத்தப்பட்ட விருப்புரிமை தரலாம் என்றது 2023 செப்டம்பரில் வந்த சட்ட ஆணையத்தின் 283ஆவது அறிக்கை. அதாவது 2013இல் மூடிய வாசலை ஒரு மூலையில் திறக்கச் சொல்கிறது.

குறைந்தபட்சத் தண்டனையின் ஆழமான பலவீனம், அது விருப்புரிமையை ஒழிப்பதில்லை என்பது. அதிகாரம் இடம்பெயர்கிறது. எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது என்று முடிவு செய்யும் காவல் ஆய்வாளரிடமும், குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலும் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. நீதிபதியின் முடிவுக்குக் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். ஆய்வாளரின் முடிவு அந்த அளவுக்கு வெளிச்சத்துக்கு வருவதில்லை. மறுபுறம், இருபதாண்டு என்பது கண்முன் நிற்கும்போது சில நீதிபதிகள் குற்றத்தையே நிரூபணமாகவில்லை என்று விடக்கூடும் என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

பட்டாசு மாவட்டத்தின் தனிக் கேள்வி

தண்டனைச் சீர்திருத்தம் என்றதும் தண்டனையைக் குறைப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். விருதுநகர் மாவட்டம் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மறுபடியும் பெரும் உயிரிழப்பு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போயிருக்கும். நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேற்பட்டோர் இருப்பார்கள். மருந்து உராய்ந்து தீப்பிடித்தது என்பார்கள். முதலில் கைதாவது பெரும்பாலும் ஃபோர்மேன். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது.

பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். போபால் விஷவாயு வழக்கில் 2010இல் விதிக்கப்பட்டதும் அதுதான். புதிய சட்டத்தின் 106(1) பிரிவு அதை ஐந்தாக உயர்த்தியிருக்கிறது. விபத்து நிகழும் என்று அறிந்தே செய்ததாகக் காட்டி, கொலையாகாத மரணம் என்ற பிரிவில் கொண்டுவந்தால் பத்தாண்டு வரை போகலாம். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை நிர்ணயிப்பது முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பிரிவு எண். இங்கே கிருஷ்ண ஐயரின் கேள்வியைக் கேட்டால் எதிர்பாராத விடை கிடைக்கும். கூலி வேலையிலிருந்து உயர்ந்து ஃபோர்மேன் ஆனவர், உரிமத்தை வாடகைக்கு விட்டவர், ஆய்வு செய்ய வேண்டியவர் என்று மூவரின் வாழ்வையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இன்று அதிகம் சுமப்பவருக்குக் குறைவாகவும், குறைவாகச் சுமப்பவருக்கு அதிகமாகவும் தண்டனை போகவேண்டியிருக்கும். தனிமனித வரலாற்றைப் பார்ப்பது என்றைக்கும் கருணையில்தான் முடியும் என்றில்லை.

தீர்ப்புக்குப் பிந்தைய தண்டனை

விதித்த தண்டனையும் அனுபவிக்கும் தண்டனையும் ஒன்றல்ல. 1978இல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433ஏ பிரிவு, தூக்குக்கும் உரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது பதினான்கு ஆண்டு உள்ளிருக்க வேண்டும் என்றது. ஓய்வுபெறும் மாதத்தில், மாரு ராம் வழக்கில் அதைச் செல்லும் என்று எழுதியவர் கிருஷ்ண ஐயரே. பதினான்குக்குப் பிறகு கதவு மாநில அரசின் கையில். தமிழ்நாட்டில் அண்ணா பிறந்தநாளை ஒட்டிய முன்விடுதலை நெடுங்கால வழக்கம். 2008 நூற்றாண்டு விழாவில் 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் இதை வரவேற்றவர்களே, 2019இல் மேலவளவு படுகொலை வழக்கில் பதின்மூவர் விடுதலையானபோது அதிர்ந்தார்கள். சாதிய வன்முறைக்கு இரையான ஊருக்கு அந்த விடுதலை என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு விடுதலை ஆணைகளில் இடமே இல்லை.

நிர்வாகத்தின் மீதான அந்த அவநம்பிக்கையின் விளைவாக நீதிமன்றங்கள் புதுத் தண்டனையை உருவாக்கின. 2008இன் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் தொடங்கி, 2015 டிசம்பரில் முருகன் என்ற ஸ்ரீஹரன் வழக்கில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் உறுதியானது இது: குறைப்பே இல்லாமல் இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டு. 2020இல் உடுமலை சங்கர் கொலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை இருபத்தைந்து ஆண்டாக மாற்றியது இந்த அதிகாரத்தைக் கொண்டுதான். ஆனால் அதே 2015 தீர்ப்பு, இந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும் என்றது. சாட்சிகளை நேரில் பார்த்த அமர்வு நீதிபதியிடம் தூக்கு உண்டு, ஆயுள் உண்டு. நடுவில் எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துவது எளிதல்ல. தூக்கைத் தவிர்க்க நினைக்கும் நீதிபதிக்கு ஆயுள் குறைவாகத் தெரிந்தால் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது கவலைக்குரியது.

முடிவாகாதவை

ஒரு கேள்வியில் ஓரளவு ஒப்புதல் வந்துவிட்டது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கு வரக்கூடிய வழக்குகளில் குற்றவாளியின் மனநிலை, குடும்பப் பின்னணி, கல்வி, சிறையில் நடத்தை இவற்றை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும், அதில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை விசாரணைக்குப் போதிய அவகாசம் என்றால் எவ்வளவு என்ற கேள்வி ஐவர் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 1989இன் அல்லாவுதீன் மியான் வழக்கில் தண்டனையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று சொன்னதையும், தள்ளிவைக்காவிட்டாலும் பிழையில்லை என்ற பிற தீர்ப்புகளையும் ஒத்திசைக்க வேண்டிய கட்டாயம் இது.

ஆனால் இவை அனைத்தும் தூக்கு வழக்குகளுக்கு. நாட்டின் நீதிமன்றங்கள் அன்றாடம் விதிப்பது மூன்றாண்டும் ஐந்தாண்டும் ஏழாண்டும். கிருஷ்ண ஐயர் கியாசுதீன் வழக்கில் கவலைப்பட்டது அப்படிப்பட்ட ஒரு சாதாரண மோசடிக்காரரைப் பற்றி. அந்தக் கவலையைப் பின்வந்தோர் தூக்கு மேடையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை 1936 முதல் சென்னை மாகாணச் சட்டத்திலும், 1958 முதல் இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. அதை இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவருக்கும், ஏழாண்டு வரையான எல்லா வழக்குக்கும் நீட்டிக்க வேண்டுமா? அந்த அறிக்கையில் பாதிக்கப்பட்டவரின் நிலையும் சேரவேண்டுமா? பூல் சிங் வழக்கை நினைத்தால் சேரவேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வலியை நன்றாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவரின் வழக்கில் தண்டனை கூடுவதும், சொல்லத் தெரியாதவரின் வழக்கில் குறைவதும் ஏற்கத்தக்கதா என்ற எதிர்க்கேள்விக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. ஓர் அலுவலர் மாவட்டம் முழுவதும் எத்தனை வீடுகளுக்குப் போய் விசாரிக்க முடியும், அவர் எழுதுவதைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை யாருக்கு உண்டு, அறிக்கை வரும்வரை குற்றவாளி ஜாமீனில் இருக்கலாமா என்பவை சட்டத் தத்துவத்தைவிடச் சிறிய கேள்விகளாகத் தெரியலாம். தண்டனை விசாரணை ஒரே நாளில் முடிவதும் ஒரு மாதம் நீள்வதும் இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது. வழிகாட்டு நெறி வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்தை இவற்றுக்குப் பிறகு எடுத்துக்கொள்வதே முறை. குற்றவாளியைப் பற்றியும் பாதிக்கப்பட்டவரைப் பற்றியும் எதுவுமே தெரியாத நீதிபதியிடம் எந்த நெறியைக் கொடுத்தாலும், அதில் அவர் நிரப்பக்கூடிய கட்டம் குற்றப் பிரிவின் எண் ஒன்றுதான்.